சென்னைக்குக் குடிவந்தவர்கள் சபை தேடுவது எப்படி?

சென்னைக்கு வந்த முதல் ஒன்றரை வருடம் நான் ஒரு ஞாயிறுகூட ஆராதனையைத் தவறவிட்டதில்லை. ஆனால் எந்தச் சபையிலும் இல்லை. எழும்பூரில் ஒரு வாரம், ராயப்பேட்டையில் ஒரு வாரம், நண்பன் கூப்பிட்டான் என்று வேளச்சேரியில் ஒரு மாடி ஹாலில் ஒரு வாரம். நாசரேத் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவனுக்கு இது புதுசு. ஊரில் கோயிலைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே கிடையாது. மணி அடிக்கும், போவோம்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, எங்களைப் பார்க்க வந்திருந்த அப்பாவுக்கு நெஞ்சுவலி. மருத்துவமனையில் சேர்த்தோம். இரவு பத்து மணி இருக்கும். "ஐயரைக் கூப்பிடுடா, ஒரு ஜெபம் பண்ணட்டும்" என்றார் அப்பா. போதகரை ஐயர் என்றும் ஆலயத்தைக் கோயில் என்றும் சொல்வது எங்கள் ஊர் வழக்கம். எனக்கு ஏழெட்டுக் கோயில் தெரியும். அதில் ஒரு ஐயருக்கும் என்னைத் தெரியாது. கடைசியில் வந்தவர் எங்கள் கீழ்வீட்டில் குடியிருந்த பெந்தேகோஸ்தே பாஸ்டர். மனைவியையும் ஒரு பிளாஸ்க் கஞ்சியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவருடைய சபையில் நான் சேரவில்லை. அதற்கான காரணம் பின்னால் வரும். ஆனால் அதுவரை ஞாயிறு காலை இரண்டு மணி நேரத்தை வைத்தே கோயில்களுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

வேலைக்காகவோ கல்யாணமாகியோ சென்னைக்கு வந்து, எந்தக் கோயிலுக்குப் போவது என்று விழிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபைக்காரன். என் தங்கை தூத்துக்குடிக் கத்தோலிக்கர் ஒருவரை மணந்து இங்கேதான் இருக்கிறாள். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன்

எல்லோரும் மறப்பது காகிதம். ஞானஸ்நானச் சான்றிதழ், திடப்படுத்தல் (ஞானஸ்நானத்தை வளர்ந்தபின் உறுதிசெய்யும் சடங்கு) சான்றிதழ், கல்யாணமானவர்களுக்குக் கோயிலில் கொடுத்த திருமணச் சான்றிதழ், இவற்றோடு உங்கள் சேகரகுருவிடம், அதாவது வட்டாரச் சபைகளுக்குப் பொறுப்பான ஐயரிடம், வாங்கிய சபை மாற்றுக் கடிதம். கடைசியில் சொன்னது கிடைக்க, சந்தா பாக்கி இல்லாமல் இருக்க வேண்டும். பாக்கி இருந்தால் கட்டிவிடுங்கள், பெரிய தொகையாக இருக்காது. கிறிஸ்துமஸ் லீவுக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், அந்த வாரம் ஐயர் பத்து ஊருக்கு ஓடிக்கொண்டிருப்பார். நான் அப்படித்தான் இரண்டு கிறிஸ்துமஸைக் கோட்டைவிட்டேன்.

கத்தோலிக்கர்களுக்குச் சின்ன வித்தியாசம் உண்டு. திருமுழுக்கு (ஞானஸ்நானம்தான்) பெற்ற பங்கின், அதாவது அந்த வட்டாரக் கோயிலின், பதிவேடுதான் அவர்களுக்கு மூலம். உறுதிப்பூசுதல் (நம் திடப்படுத்தல்), திருமணம் எல்லாம் அந்தப் பதிவேட்டின் ஓரத்திலேயே பிற்பாடு குறிக்கப்படும். அதனால் திருமணத்துக்குப் பழைய சான்றிதழ் செல்லாது, ஆறு மாதத்துக்குள் எடுத்த புதுப் பிரதி கேட்பார்கள். கல்யாண வயதில் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரிய வேண்டும்

சென்னையில் சிலுவை வைத்த கட்டடம் எல்லாம் ஒன்றல்ல. ஊரில் ஒரே வகையை மட்டும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதுதான் முதல் குழப்பம்.

கத்தோலிக்கர் என்றால் வேலை சுலபம். நீங்கள் தேர்வு செய்வதே இல்லை, உங்கள் தெரு தேர்வு செய்துவிடுகிறது. எந்தத் தெரு எந்தப் பங்கு என்பதற்கு எல்லை உண்டு. சாந்தோமுக்கோ பெசன்ட் நகர் வேளாங்கண்ணிக்கோ விருப்பம்போல் திருப்பலிக்குப் போகலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் குழந்தைக்குத் திருமுழுக்கு, கல்யாண ஓலை (திருமண அறிவிப்பு), அடக்கம் எல்லாம் உங்கள் பங்குத்தந்தை வழியாகத்தான். தென்புறநகரில் வீடு என்றால் நீங்கள் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தில் இல்லாமல் 2002-இல் பிரிந்த செங்கல்பட்டு மறைமாவட்டத்தில் இருக்கக்கூடும். பங்கு அலுவலகத்தில் குடும்பத்தைப் பதிந்த கையோடு உங்கள் தெரு எந்த அன்பியத்தில் வருகிறது என்று கேளுங்கள். இருபது முப்பது குடும்பங்கள் சேர்ந்த அக்கம்பக்கக் குழு அது. என் தங்கை பிரசவத்துக்குப் படுத்தபோது இரண்டு வாரம் சாப்பாடு வந்தது அன்பியத்து வீடுகளிலிருந்துதான். எங்கள் சி.எஸ்.ஐ. ஆட்கள் இந்த ஒரு விஷயத்தைக் காப்பியடித்தால் தப்பில்லை.

சி.எஸ்.ஐ. விஷயம் வேறு மாதிரி. பலகையில் ஒரே பெயர்தான், உள்ளே போனால் மூன்று நான்கு வீட்டுச் சமையல். 1947 செப்டம்பர் 27 அன்று கதீட்ரல் சாலையில் இருக்கும் புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாயின. ஆனால் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் ஒன்றாகிவிடுமா? புனித ஜார்ஜ் பேராலயம் ஆங்கிலிக்கன் வழி. ராயப்பேட்டை வெஸ்லி ஆலயம் பெயரிலேயே மெதடிஸ்ட் என்று சொல்லிவிடும். எழும்பூர் புனித ஆண்ட்ரூஸ் 1821-இல் ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகத் திறந்த கோயில், இன்றைக்கும் அதைக் கிர்க் என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தார் ஆராதனை முறைமைப் புத்தகம், அங்கி, பாமாலை என்று வளர்ந்தவர்கள். கன்னியாகுமரியில் வேரூன்றியது லண்டன் மிஷன். அந்த வழியில் வந்தவர்களுக்கு முறைமையைவிடப் பிரசங்கம் பெரிது. இருவரும் சி.எஸ்.ஐ.தான், ஆனால் ஒருவருக்கு வீடு மாதிரி இருக்கும் கோயில் மற்றவருக்கு விருந்தாளி வீடு மாதிரி இருக்கும். "நம்ம சி.எஸ்.ஐ.தானே" என்று பக்கத்துக் கோயிலில் போய் உட்கார்ந்து, ஏதோ ஒட்டவில்லையே என்று நினைத்தால் உங்கள் பக்தியில் குறை ஒன்றும் இல்லை. இன்னொரு சி.எஸ்.ஐ.யைப் பாருங்கள்.

லுத்தரன் குடும்பங்கள் தேட வேண்டியது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. 1706-இல் தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்க் இறங்கியதிலிருந்து வரும் மரபு. தலைமையகம் திருச்சி என்றாலும் ஆயருக்குப் பட்டம் தரங்கை பேராயர். முறைமை ஆராதனைக்குப் பழகியவர்களுக்கு அங்கே அந்நியமாகத் தோன்றாது. இரட்சணிய சேனையில் ஞானஸ்நானமும் இல்லை, அப்பமும் திராட்சரசமும் பகிரும் இராப்போஜனமும் இல்லை. அங்கே வளராதவர்களுக்கு இது திடுக்கென்று இருக்கும். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையில் ஆராதனை சனிக்கிழமை. சகோதரர் சபைகளில் சம்பளத்துக்கு வைத்த போதகர் என்று பொதுவாக இருக்க மாட்டார், வாரா வாரம் அப்பம் பிட்குதல் உண்டு, பெண்கள் முக்காடு போட்டிருப்பார்கள்.

பெந்தேகோஸ்தே என்ற ஒரு சொல்லுக்குள் நிறைய அடங்கும். தாம்பரம் இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்ட தி பெந்தேகோஸ்தல் மிஷன் சபையில் (பழைய பெயர் சிலோன் பெந்தேகோஸ்தே) வெள்ளை உடை, நகை கிடையாது, ஊழியர்கள் திருமணம் செய்வதில்லை. அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபைகளில் இந்தக் கட்டு தளர்வு; பேண்டு வாத்தியம், பெரிய திரை, ஒரே நாளில் நாலைந்து ஆராதனை என்று இருக்கும். இவை தவிர, எந்தத் தலைமைக்கும் கீழ் இல்லாத சுயாதீன சபைகள் தெருவுக்கு ஒன்று. நல்லதும் இருக்கும், ஒரு குடும்பத்தின் வியாபாரமும் இருக்கும். பலகையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நம்மைப்போன்ற பழைய சபைக்காரர்கள் பெந்தேகோஸ்தேவில் சேரும்போது ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாச்சா?" குழந்தையில் பெற்ற ஞானஸ்நானத்தை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. கீழ்வீட்டுப் பாஸ்டரின் சபையில் நான் சேராதது இதனால்தான். ஊர்க்கோயிலில் என் தாத்தா என்னைத் தூக்கிக்கொண்டு நின்ற அந்த ஞானஸ்நானம் செல்லாது என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு அது தடையாகத் தோன்றாமல் இருக்கலாம். எப்படியானாலும் இதைச் சேருவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு வருடம் பழகி, பிள்ளைகளுக்கு நண்பர்கள் கிடைத்த பிறகு இந்தக் கேள்வி வந்தால் கஷ்டம்.

முதலில் மூன்று கேள்வி

கோயில் கோயிலாக அலைவதற்கு முன் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதச் சொல்வேன். எதை விட்டுக்கொடுக்கவே முடியாது? எதைப் பற்றிக் கவலையில்லை? வீட்டில் யாருக்கு இந்த மாற்றம் அதிகக் கஷ்டம்?

முதல் கேள்விக்குப் பலர் பிரசங்கம் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஐயர்மார் சில வருடத்துக்கு ஒருமுறை மாறிவிடுவார்கள். பிரசங்கத்துக்காகச் சேர்ந்தவன் அடுத்த இடமாற்றத்தில் அநாதை. எனக்கு வளையாதது இராப்போஜனமும் பாட்டும். கீர்த்தனையும் பாமாலையும் இல்லாத ஆராதனையில் நான் பார்வையாளனாகத்தான் உட்கார்ந்திருப்பேன்.

மூன்றாவது கேள்விக்கு என் வீட்டில் பதில் அம்மா. இங்கிலீஷ் ஆராதனையில் நாங்கள் சமாளித்துவிடுவோம், அம்மாவால் முடியாது. பிள்ளைகளோ நேர்மாறு. சென்னையில் பல கோயில்களில் தமிழும் இங்கிலீஷும் தனித்தனி நேரத்தில் நடக்கும், அதனால் குடும்பம் இரண்டாகப் பிரிந்து போவது சகஜம். நாங்கள் பிடிவாதமாகத் தமிழ் ஆராதனையில் இருந்தோம். மகள் பள்ளியில் எடுத்த மொழி இந்தி. அவள் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது ஓய்வுநாள் பள்ளி (சண்டே ஸ்கூல்) மனப்பாட வசனத்தில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ், "இருப்பாராக", "உண்டாவதாக" என்று. அதையே வீட்டிலும் பேசிப் பார்ப்பாள். ரசம் சூடாகக்கடவது என்பாள்.

மொழி என்றதும் இன்னொன்று. கத்தோலிக்கரும் மற்றவர்களும் பெரும்பாலும் ஒரே வேதத்தைத்தான் வாசிக்கிறார்கள், ஆனால் காதில் விழுவது வேறு. நம் பக்கம் கர்த்தர், தேவன், ஞானஸ்நானம், இராப்போஜனம். அவர்களிடம் ஆண்டவர், கடவுள், திருமுழுக்கு, நற்கருணை. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு கத்தோலிக்கக் கோயில்களில் நிலைத்துவிட்டது, புரொட்டஸ்டண்ட் சபைகள் பழையதை விடவில்லை. அவர்கள் வேதத்தில் 73 நூல்கள், நம்முடையதில் 66. கலப்புத் திருமணம் செய்தவர்கள் வீட்டில் எந்தப் புத்தகம் என்பதே ஒரு பேச்சுவார்த்தை.

எட்டு ஞாயிறு

இதற்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். வாரம் ஒரு கோயில் என்று எட்டுக் கோயில் பார்க்காதீர்கள், அது நான் செய்த தப்பு. வீட்டிலிருந்து நாற்பது நிமிடத்துக்குள் இருப்பவற்றில் இரண்டோ மூன்றோ போதும். ஞாயிறு காலையில் சாலை காலியாக இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். புதன்கிழமை மாலை ஏழு மணிக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் எவ்வளவு நேரம் ஆகும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். வேதபாடம், வாலிபர் ஐக்கியம், பாடகர் குழு ஒத்திகை எல்லாம் அந்த நேரத்தில்தான்.

முதல் தடவை விசேஷ நாளில் போக வேண்டாம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை, அறுப்பின் பண்டிகை என்றால் எந்தக் கோயிலும் அழகாகத்தான் இருக்கும். ஜூலை மாதத்தில், யாருக்கும் எந்த விசேஷமும் இல்லாத ஒரு ஞாயிறு சரியான நாள். பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். செருப்பை வெளியே விடுகிறார்களா, ஆண் பெண் தனித்தனிப் பக்கமா என்று முன்னால் போகிறவர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கடைசி வரிசைக்குப் போகாமல் நடுவில் உட்காருங்கள். கடைசியில் உட்கார்ந்தவரிடம் யாரும் பேச மாட்டார்கள்.

இராப்போஜனம் இருந்தால்? சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் உங்கள் சபையில் திடப்படுத்தல் பெற்றவர் என்றால் பொதுவாக வாங்கலாம், இருந்தாலும் முன்னாலேயே ஐயரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை. கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை கத்தோலிக்கர்களுக்கு மட்டும். விருந்தாளியாகப் போனவர் எழுந்து வழிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்ளலாம், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

ஆசீர்வாதம் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். அடுத்த இருபது நிமிடம்தான் முக்கியம். வாசலில் நின்று பாருங்கள். ஐயர் யாரோடு நிற்கிறார்? கார் வைத்திருப்பவர்களோடு மட்டுமா? சக்கர நாற்காலியில் வந்த பாட்டியை யார் படி இறக்குகிறார்கள்? புதிய முகம் என்று உங்களிடம் வருகிறவர் பெயரைக் கேட்கிறாரா, செல்போன் எண்ணைக் கேட்கிறாரா? எனக்கு ஒரு கோயிலில் வரவேற்புப் படிவம் கொடுத்தார்கள். மாத வருமானத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டேன். இரண்டாம் வாரம் அதே படிவம் மறுபடி வந்தது.

தெற்கத்தியர்கள் நிறைந்த கோயில்களில் முதல் கேள்வி "எந்த ஊரு?" என்பதாக இருக்கும். பாதி நேரம் அது வெறும் ஊர்ப்பாசம். மீதி நேரம் அது வேறு கேள்வி என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். "யார் குடும்பம்?" என்று அடுத்தது வந்தால் சந்தேகமே வேண்டாம். நம் சபைகளில் சாதி இல்லை என்று எழுதினால் அது பொய். கமிட்டித் தேர்தலில் இருக்கிறது, கல்யாணப் பேச்சில் இருக்கிறது, சில ஊர்களில் கல்லறையிலும் இருக்கிறது. சென்னையில் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். கமிட்டியில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே வட்டாரத்து உறவுக்காரர்களாகத் தெரிந்தால் அடுத்த கோயிலைப் பாருங்கள். அந்தச் சாதியே உங்கள் சாதியாக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

மூன்றாம் வாரத்துக்குள் ஒரு வாரநாள் கூட்டத்துக்குப் போய்விடுங்கள். வீட்டு ஜெபக்கூட்டம் இருந்தால் இன்னும் நல்லது. எட்டுப் பேர் ஒரு ஹாலில் பாய் விரித்து உட்காரும்போது சபையின் உண்மையான குரல் கேட்கும். யாருக்கு வேலை போயிற்று, யார் வீட்டில் ஆபரேஷன் என்பது அங்கே வெளிவரும், அதைக் கேட்டு மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் தெரியும்.

கேட்கத் தயங்கும் கேள்விகள்

பணத்தைப் பற்றிக் கேட்பது அவிசுவாசம் ஆகாது. சி.எஸ்.ஐ.யில் சந்தா, காணிக்கை, ஸ்தோத்திரக் காணிக்கை, பண்டிகை வசூல் என்று இருக்கும். கணக்கு ஆண்டுக்கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். வாசிக்கிறார்களா, கேள்வி கேட்டவரை உட்காரச் சொல்கிறார்களா என்று பழைய உறுப்பினர் ஒருவரிடம் விசாரியுங்கள். எங்கள் தேர்தல் சண்டைகள் கோர்ட்டு வரை போவது ஊரறிந்த கதை, அதனால் உயர்ந்த இடத்தில் நின்று பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் சண்டை போடவாவது ஒரு கமிட்டி இருக்கிறது.

சுயாதீன சபையில் கேட்க வேண்டியது மூன்றே விஷயம்தான். கட்டடமும் நிலமும் யார் பெயரில்? வங்கிக் கணக்கில் யார் யார் கையெழுத்து? பாஸ்டருக்குப் பிறகு யார்? மூன்றுக்கும் பதில் பாஸ்டர், அவர் மனைவி, அவர் மகன் என்று வந்தால் தசமபாகத்தை (வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக் காணிக்கையை) ஆரம்பிக்கும் முன் நன்றாக யோசியுங்கள். பதில் சொல்வதற்கு முன் கோபம் வந்தால் யோசிக்கவே வேண்டாம்.

கல்யாணம் அடுத்தது. 1872-ஆம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி எல்லா போதகராலும் திருமணம் நடத்திவைக்க முடியாது. ஆயர்களால் அபிஷேகம் பெற்ற குருக்களுக்கு அந்த அதிகாரம் உண்டு. மற்ற சபைப் போதகர்களுக்கு அரசு கொடுத்த உரிமம் வேண்டும். மாடி ஹால் சபையில் சேரும்போது "பாஸ்டருக்குத் திருமண லைசென்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டு வையுங்கள். என் அலுவலக நண்பன் ஒருவன் கேட்காமல் விட்டான். கல்யாணம் நன்றாக நடந்தது, விருந்தும் பிரமாதம். மனைவிக்கு விசா எடுக்கப் போனபோதுதான் அந்தச் சான்றிதழை ஏற்க மாட்டோம் என்றார்கள். எந்தச் சபைக் கல்யாணமானாலும் தமிழ்நாட்டின் 2009-ஆம் வருடச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும்.

கல்லறையைப் பற்றி இளம் தம்பதிகளிடம் பேசினால் முகம் சுளிப்பார்கள். பெற்றோரைச் சென்னைக்குக் கூட்டி வந்தவர்கள் சுளிக்க மாட்டார்கள். இங்கே இடம் இல்லை. கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டம் நிரம்பிவிட்டது. ஏற்கெனவே இருக்கும் குடும்பக் கல்லறையைத் திறந்து அடக்கம் செய்வதே வழக்கமாகிவிட்டது. சபை உறுப்பினராக இல்லாதவருக்கு அடக்க ஆராதனை நடத்தவும் இடத்துக்குக் கடிதம் கொடுக்கவும் பல சபைகள் தயங்கும். அன்றைக்குத்தான் சந்தா ரசீதைத் தேடுவார்கள். "இந்தச் சபைக்குக் கல்லறை எங்கே?" என்று முன்பே கேளுங்கள். ஊருக்கே கொண்டுபோவது என்றால் அதையும் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். அறுநூறு கிலோமீட்டர் ஆம்புலன்ஸ் பயணம் அது.

வெளியே வந்துவிட வேண்டிய இடங்கள்

மாத்திரையை நிறுத்து, விசுவாசம் போதும் என்று சொன்னால் அன்றைக்கே வந்துவிடுங்கள். சர்க்கரை நோயாளிக்கும் மனநலச் சிகிச்சையில் இருப்பவருக்கும் இதைச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஜெபமும் மாத்திரையும் சேர்ந்தே போகலாம் என்று சொல்கிற பாஸ்டர்மார்தான் அதிகம். எங்கள் கீழ்வீட்டுக்காரர் அப்பாவுக்கு ஜெபம் பண்ணி முடித்ததும் டாக்டர் எழுதிய மருந்தை வாங்கிவர அவரே இறங்கிப் போனார்.

குடும்பத்தாரோடு பேச்சைக் குறை, பழைய சபைக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகாதே என்று ஆரம்பித்தாலும் அப்படித்தான். இன்னொன்று, தனிப்பட்ட தீர்க்கதரிசனம். நான் போன ஒரு கூட்டத்தில் வெளியூரிலிருந்து வந்த ஊழியர் ஒரு பெண்ணை எழுப்பி, எந்தப் பையனைக் கட்ட வேண்டும் என்று மைக்கில் சொன்னார். பையன் வேறு யாருமில்லை, அந்த ஊழியரைக் கூட்டத்துக்கு அழைத்தவரின் தம்பி. அவள் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் கூச்சம் வேண்டாம். ஓய்வுநாள் பள்ளியிலோ மறைக்கல்வி வகுப்பிலோ ஒரே ஒரு பெரியவர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளோடு இருக்கிறாரா என்று எட்டிப் பாருங்கள். முகாம் என்றால் யார் யார் கூடப் போகிறார்கள் என்று பட்டியல் கேளுங்கள்.

இரண்டு சபை வீடு

தங்கையின் கல்யாணத்துக்கு மறைமாவட்ட ஆயரின் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்று மாப்பிள்ளை எழுதிக்கொடுத்தார். இது கல்யாணத்துக்கு முன்பே தெரியும், அதனால் பிறகு சண்டை இல்லை. அவள் இன்றைக்கும் சி.எஸ்.ஐ. உறுப்பினர்தான். மாதத்தில் முதல் ஞாயிறு எங்களோடு இராப்போஜனத்துக்கு வருவாள், மற்ற வாரங்கள் பிள்ளைகளோடு திருப்பலிக்குப் போவாள். ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்குத் தூத்துக்குடிக்குப் போனால், பவனி பார்க்க நானும் போவதுண்டு. இரண்டு சபையிலும் பாதிப் பாதியாக இருப்பது முடியும், ஆனால் வேலை அதிகம். யாராவது ஒருவர் முழுதாக ஒரு பக்கம் போய்விடுவது எளிது. அது எப்போதும் மனைவியாகவே இருக்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை.

சபைக்கே புதியவர் என்றால்

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறக்காமல், தானாகத் தேடி வருகிறவர்களுக்கு ஒரே யோசனை: அவசரப்படாதீர்கள். ஞானஸ்நானத்துக்கு உங்களைவிட அவசரப்படுகிற இடம் சரியான இடமில்லை. பல மாத ஆயத்த வகுப்பு வைக்கிற சபையை நம்பலாம். பெயரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. பட்டியல் சாதியினர் என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1950-ஆம் வருட ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே அந்தப் பட்டியலில் வருவார்கள்; கிறிஸ்தவரானவரைத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்ப்பார்கள். இது நியாயமா என்ற வழக்கும் வாதமும் பல வருடமாக நடக்கின்றன. ஆனால் சாதிச் சான்றிதழ், படிப்பு, வேலை எல்லாம் இதில் மாட்டும், அதனால் வீட்டாரோடும் விவரம் தெரிந்தவரோடும் பேசிவிட்டு இறங்குங்கள். இதைச் சொல்லாமல் மறைக்கிற போதகரிடம் வேறு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

சேருவது

இரண்டு மாதம் முடிந்ததும் முடிவெடுத்துவிடுங்கள். எல்லாம் பொருந்திய கோயில் கிடைக்காது. நான் சேர்ந்த இடத்தில் பிரசங்கம் நீளம், மைக் கரகரக்கும், கமிட்டியில் இரண்டு கோஷ்டி. ஆனால் மூன்றாம் வாரமே வீட்டு ஜெபத்துக்குக் கூப்பிட்டார்கள், அம்மாவுக்கு உட்காரப் பக்கத்தில் ஒரு பேச்சுத்துணை கிடைத்தது.

ஐயரை வீட்டுக்கு அழைத்து ஒரு காப்பி கொடுங்கள். மாற்றுக் கடிதத்தை அப்போது கையில் கொடுத்தால் குடும்பம் முழுவதும் அவர் மனதில் பதியும். குடும்பப் பதிவேட்டில் பெயர்களை நீங்களே எழுத்துப் பிழை பார்த்துக் கொடுங்கள். பிற்பாடு சான்றிதழில் அதே எழுத்துதான் வரும். சந்தாவை ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டி ரசீதை வாங்கி வையுங்கள், கமிட்டித் தேர்தலில் ஓட்டுப் போட அது வேண்டும். ஏதாவது ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பாடத் தெரியாவிட்டால் நாற்காலி அடுக்கலாம், அசனத்துக்கு (சபை விருந்துக்கு) வெங்காயம் உரிக்கலாம். நான் முதலில் எடுத்தது வாகன நிறுத்தம் ஒழுங்குபடுத்தும் வேலை. மூன்றே வாரத்தில் எல்லோர் வண்டி எண்ணும் எனக்கு அத்துப்படி, எல்லோருக்கும் என் பெயரும்.

மாற்றுக் கடிதத்தைக் கொடுக்கும் முன் ஒரு நகல் எடுத்து வீட்டுக்காரர் ஒப்பந்தத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் பதினோரு மாதத்துக்குத்தான், அடுத்த வீடு எந்தப் பக்கமோ.